புரவலர் பலகையில் இல்லாத பெயர்கள்

ஏப்ரல் பிறந்ததும் வீட்டு வரியைக் கட்டிவிடுவது எங்கள் வீட்டில் அப்பா காலத்துப் பழக்கம். அவர் வரிவசூல் மையத்தில் வரிசையில் நின்று கட்டுவார், நான் போனில் கட்டுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த முறை ரசீதைப் பதிவிறக்கிப் பார்த்தபோது ஓர் இடத்தில் கண் நின்றுவிட்டது. நூலக வரி, 212 ரூபாய். புதிதாக முளைத்த வரி இல்லை, எல்லா ரசீதிலும் இருப்பதுதான், நான்தான் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். பரணில் கிடந்த அப்பாவின் மஞ்சப்பையை இறக்கினேன். ரேஷன் கார்டு நகல், டெப்போவில் கொடுத்த சம்பளச் சீட்டுகள், அதற்கடியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய வரி ரசீதுகள். ரப்பர் பேண்ட் உருகித் தாளோடு ஒட்டியிருந்தது. 1991இல் ஓர் அரையாண்டு ரசீது, கார்பன் எழுத்து பாதி அழிந்துபோயிருந்தாலும் அந்தக் கட்டம் தெளிவாகத் தெரிந்தது: நூலக வரி, நான்கு ரூபாய் சில்லறை.

அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். பேப்பரை டீக்கடையில் படிப்பார். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் இருக்கும் கிளை நூலகத்துக்குள் அவர் ஒருநாள்கூடக் கால் வைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக, வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு தவணைகூடத் தவறாமல் அந்த நூலகத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை, நன்றியும் சொன்னதில்லை. நான் அதே நூலகத்துக்கு ஒரே ஒரு முறை ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். என் பெயர் அங்கே சுவரில் இருக்கிறது. இதை நினைத்து இரண்டு நாள் தூக்கம் சரியாக வரவில்லை. உண்மையில் அந்த ரசீதுக்கு இரண்டு வாரம் முன்பே நூலகத்தில் நடந்த ஒரு விஷயம் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது, ரசீது அதைக் கிளறிவிட்டது.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த நூலகர் இன்னும் பணியில் இருக்கிறார், இருக்கிற வசதியை வைத்து அந்த இடத்தை உயிரோடு வைத்திருப்பவர், அவருக்கு என்னால் ஒரு விளக்கக் கடிதம் எழுதும் வேலை வந்துவிடக் கூடாது.

மாடியில் ஒரு நூலகம்

கீழே ரேஷன் கடை, மேலே நூலகம். படி ஏறும்போதே மண்ணெண்ணெய் வாசனை போய்ப் பழைய தாள் வாசனை வரும், இது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்த வாசனை. காலை எட்டு மணிக்குத் திறந்ததும் ஓய்வு பெற்றவர்கள் வந்துவிடுவார்கள். பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகப் படிப்பார்கள், ஒருவர் முடித்ததும் சத்தமில்லாமல் பக்கத்தில் நகர்த்திவிடுவார். பத்து மணிக்கு மேல் கூட்டம் மாறும். டி.என்.பி.எஸ்.சி, போலீஸ் தேர்வு, ரயில்வே என்று படிக்கிற பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள். பையில் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், பழைய பள்ளிப் பாடப்புத்தகங்கள். இவர்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைவு. மேஜையும் மின்விசிறியும் சத்தமில்லாத எட்டு மணி நேரமும்தான் இவர்களுக்கு வேண்டும், அது வீட்டில் கிடைப்பதில்லை. மொத்தம் இருபத்திரண்டு நாற்காலிகள், அதில் மூன்றுக்குக் கைப்பிடி இல்லை. பதினோரு மணிக்குப் பிறகு வருகிறவர்கள் அலமாரிகளுக்கு இடையில் தரையில் பேப்பர் விரித்து உட்காருவார்கள்.

மழைக்காலத்தில் வரலாற்று அலமாரிக்கு மேல் ஒழுகும். நூலகர் மேடம் ஒரு பெரிய பாலிதீன் ஷீட்டை மடித்துத் தயாராக வைத்திருப்பார், வானம் இருட்டினால் ஸ்டூல் போட்டு ஏறி அலமாரியை மூடிவிடுவார். கழிவறைக்குக் கதவு இருந்தது, கீல் துருப்பிடித்துக் கழன்றதிலிருந்து அதைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் படிக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டியூப்லைட் பட்டியிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு பெயர் இருக்கும். கோயிலில் 'உபயம்' என்று எழுதுவார்களே, அதே மாதிரி இங்கே 'அன்பளிப்பு'. மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஒரு ஜவுளிக்கடையின் பெயர், சுற்றும்போது தெரியாது, மின்சாரம் போனால் படிக்கலாம். கடிகாரத்தில் ஒரு நகை அடகுக் கடை, தண்ணீர் டிரம்மில் ஒரு மறைந்த ஆசிரியரின் நினைவு. சுவர் முழுக்கப் புரவலர் பலகைகள். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களுக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும், ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர், அதற்கு மேல் பெரும்புரவலர், கொடையாளர் என்று படிகள் உண்டு. நூலகர்களும் பாவம், ஆள் பார்த்து ஆள் பார்த்துப் புரவலர் சேர்ப்பார்கள்.

என்னிடமும் ஒருநாள் கேட்டார். "சார், இத்தனை வருஷமா வர்றீங்க, புரவலரா சேர்ந்துக்கலாமே." சந்தோஷமாகச் சேர்ந்தேன். அடுத்த மாதம் பலகையில் கடைசி வரியில் என் பெயர், இனிஷியலோடு. வீட்டுக்காரியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நூலகத்துக்கு ஏதோ செய்துவிட்டோம் என்கிற நிறைவு அப்போது நிஜமாகவே இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த நாற்காலி

மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை. பதினொன்றரைக்குப் போனேன், ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது, பத்து நிமிட வேலை. எல்லா நாற்காலியிலும் ஆள். நான் நின்றபடியே புரட்டிக்கொண்டிருந்தேன். மேடம் என்னைப் பார்த்தார், எழுந்து வந்தார், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்: "எந்திரிம்மா, சார் நம்ம புரவலர். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் உக்காந்துக்கோ."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது. பென்சிலை நோட்டுக்குள் அடையாளமாக வைத்து மூடினாள், பாட்டிலை எடுத்துக்கொண்டாள், "உக்காருங்க சார்" என்றாள். அலமாரிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்த தரையில் நான்காவதாகப் போய் உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் போல. மேஜையில் அவள் மறந்துவிட்டுப்போன ஒரு துண்டுத் தாள், அதில் பேனாவால் ஒரு நேர அட்டவணை: காலை 8 முதல் 10 வரை கணக்கு, 10 முதல் 12 வரை ஆட்சியியல்.

நான் அதில் உட்காரவில்லை. போய் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன், "பரவால்ல சார்" என்றாள், மறுபடி சொன்னேன், வந்து உட்கார்ந்தாள். மேடத்துக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. நாற்காலி வாங்க அவர் கையில் காசு கிடையாது, காசு கொடுக்கிற ஆள் மனம் குளிர வேண்டும், அடுத்த மின்விசிறிக்கு யாரையாவது கேட்க வேண்டும். அந்த நிலைமை அவரை அப்படிச் செய்ய வைக்கிறது.

வெளியே வரும்போது அந்தப் பெண்ணும் சாப்பிடப் படி இறங்கினாள். பேச்சுக் கொடுத்தேன். குரூப் 4க்குப் படிக்கிறாள், இரண்டாவது முறை. அம்மா இஸ்திரி வண்டி போடுகிறவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். 2022இல் சொத்து வரி ஏறியபோது வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாராம். "வரி ஏத்திட்டாங்கம்மா, நான் என்ன பண்றதுன்னாரு சார்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அப்போது அது காதில் விழுந்ததோடு சரி. ஏப்ரலில் அந்த 212 ரூபாயைப் பார்த்தபோதுதான் அவள் சொன்னதன் கனம் உறைத்தது. வீட்டு வரி ஏறும்போது அதன் மேல் விழும் நூலக வரியும் தானாக ஏறுகிறது. வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றுகிறார். அப்படியென்றால் அந்த நாற்காலிக்கு அவள் அம்மா மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார், இஸ்திரிப் பெட்டிக் கரியிலிருந்து. நான் ஒரு தடவை ஆயிரம் ரூபாய் கட்டினேன் என்பதற்காக அவள் எனக்கு எழுந்து இடம் விட்டிருக்கிறாள்.

யாருடைய பணம்

இதற்குப் பிறகு நூலக வரியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1950. சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் பொது நூலகத்துக்கென்று போட்ட முதல் சட்டம் அதுதான். அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். படிக்க லண்டன் போனபோது அங்கே சாதாரண ஜனங்கள் நூலகத்துக்குள் தங்கள் வீட்டுக்குள் போவது மாதிரிப் போய் வருவதைப் பார்த்தார். திரும்பி வந்தவர் 1930லேயே ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் சட்டம் நிறைவேறியது. கிட்டத்தட்ட பதினெட்டு வருடம் ஒரு மனிதர் ஒரே விஷயத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

சட்டம் போட்டுத் தனி வரி எதற்கு, அரசாங்கம் வருடா வருடம் பட்ஜெட்டில் ஒதுக்கினால் போதாதா என்று தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அந்தத் தனி வரிதான் சட்டத்தின் உயிர்நாடி. பட்ஜெட்டில் நூலகத்துக்கு எதிரே நிற்பவை ஆஸ்பத்திரி, ரோடு, குடிநீர். பணத்தட்டுப்பாடு வரும் வருடத்தில் முதலில் கை வைக்கப்படுவது எது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் நூலகத்தின் பணத்தை வீட்டு வரியோடு முடிச்சுப் போட்டு வைத்தார்கள். ஊரில் வீடுகள் இருக்கும் வரை, வீட்டு வரி இருக்கும் வரை நூலகத்துக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். இன்றைக்குத் தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி. ஆந்திராவில் எட்டு, கர்நாடகத்தில் ஆறு, கேரளத்தில் ஐந்து. மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் மாதிரி மாநிலங்களில் நூலகச் சட்டம் உண்டு, வரி கிடையாது. இந்தியாவிலேயே அதிக விகிதத்தில் நூலகத்துக்கு வரி கட்டுகிறவர்களில் நாமும் இருக்கிறோம், ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. பணம் சேர வேண்டிய இடம் அந்த மாவட்டத்தின் நூலக ஆணைக்குழு. அதாவது உள்ளாட்சி அமைப்பு இந்த விஷயத்தில் மணியார்டர் கொண்டு வரும் தபால்காரர் மாதிரி. பணம் அவர் பையில் இருக்கும், ஆனால் அது அவர் பணம் ஆகாது. நடப்பது என்னவென்றால், வசூலாகிற நூலக வரி பல ஊர்களில் ஒழுங்காக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்வதில்லை, கோடிக்கணக்கில் நிலுவை என்ற செய்தியைப் பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். கழிவுநீர்க் குழாய் உடைந்தது, சம்பளம் போட வேண்டும், கான்ட்ராக்டருக்குக் கொடுக்க வேண்டும், கையில் இருக்கிற பணத்தை எடுத்துச் சமாளிப்போம், நூலகம்தானே, அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். அந்த 'நூலகம்தானே' என்கிற நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. எந்த நினைப்பிலிருந்து நூலகத்தைக் காப்பாற்ற ரங்கநாதன் தனி வரி கேட்டாரோ, பணம் கைமாறும் இடத்தில் அதே நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஊருக்கு மட்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், இரண்டே கேள்வி: கடந்த ஐந்து நிதியாண்டுகளில் நூலக வரியாக வசூலானது எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு. முப்பதாவது நாளுக்கு முன்பே பதில் வந்தது, அதற்காக அந்த அலுவலருக்கு நன்றி சொல்ல வேண்டும். எண்களை இங்கே போட்டால் ஊர் தெரிந்துவிடும். இரண்டு பத்திகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது கிடைத்த வித்தியாசத்தில் எங்கள் கிளை நூலகத்துக்கு நாற்காலி இல்லை, புதுக் கட்டடமே கட்டலாம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அலமாரிக்கு மேல் பாலிதீன் ஷீட் மடித்து வைத்தபடி இருந்தது.

பெரிய நூலகமும் கிளை நூலகமும்

என் நண்பன் ஒருவன், நன்றாகப் படிக்கிறவன்தான், "எல்லாம் போன்ல இருக்கு, இன்னும் நூலகத்துக்கு எதுக்குடா வரி?" என்றான். அவன் வீட்டில் அவனுக்கென்று தனி அறை இருக்கிறது, அதில் ஏசி இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் அம்மா இஸ்திரி போட, தம்பி டிவி பார்க்க, மூலையில் உட்கார்ந்து படிக்கிற பெண்ணுக்கும் போன் இருக்கிறது. அந்தப் போனில் பாடம் இருக்கிறது, பழைய வினாத்தாள் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. நாற்காலி இல்லை. ஒரு பெண் பிள்ளை காசு கொடுக்காமல், யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்காமல், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் எங்கள் ஊரில் வேறு எது என்று எண்ணிப் பார்த்தேன். கோயிலில்கூட மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

பெரிய நூலகங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது, தமிழ்நாட்டு அரசு கட்டிய ஒரு கட்டடத்தில் நாம் இப்படி நிமிர்ந்து நடக்கலாமா என்று தோன்றியது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே வைத்தார்கள், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. 2011 நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போகிறோம் என்று அறிவித்தபோது எழுத்தாளர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. வரட்டும், இன்னும் வரட்டும்.

ஆனால் கோட்டூர்புரத்துக்காகக் குரல் கொடுக்க ஆள் இருந்தார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. ரேஷன் கடைக்கு மேலே இருக்கிற கிளை நூலகத்தை யாரும் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவிப்பதில்லை. பணியாள் ஓய்வு பெறுகிறார், இடம் நிரப்பப்படுவதில்லை. முழுநேரம் பகுதிநேரம் ஆகிறது. ஒரு சந்தா நிற்கிறது, அப்புறம் இன்னொன்று. அறிவிப்பு எதுவும் இல்லாமலே ஒரு நூலகம் மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது, எந்த நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழ்நாடு முழுக்க 4,600க்கு மேல் பொது நூலகங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை இப்படிப்பட்ட கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களும்தான். நூலக வரி ஒழுங்காக வராவிட்டால் முதலில் மூச்சுத் திணறுவது இவைதான். புத்தகம் வாங்குவதும் இதோடு சேர்ந்தது, நூலகங்களுக்குப் புத்தகம் கேட்டு வரும் 'நூலக ஆணை' வருமா வராதா என்று காத்திருக்கும் சிறு பதிப்பாளர்கள் எத்தனை பேர் என்பது புத்தக உலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கேரளத்தை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அங்கே வரி நம்மில் பாதி. ஆனால் அங்கே ஒவ்வொரு நூலகத்துக்கும் ஊர்க்காரர்களின் குழு இருக்கிறது, மாநில நூலகக் கவுன்சில் வரை தேர்தல் நடத்தி ஆட்களை அனுப்புகிறார்கள். கூரை ஒழுகினால் குழுவில் இருப்பவரை வழியில் நிறுத்திக் கேட்பார்கள். நமக்கும் இந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை, 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனவர்கள் நாம். மன்றங்களும் படிப்பகங்களும் தெருவுக்கு ஒன்றாக இருந்த மாநிலம் இது. நடுவில் எங்கோ நூலகம் என்பது அரசாங்கம் கொடுக்கிற சலுகை, புரவலர் கொடுக்கிற தர்மம் என்று ஆகிவிட்டது. வாங்குகிறவர் இடத்தில் நம்மை நாமே உட்கார வைத்துக்கொண்டோம். கொடுக்கிறவர்களும் நாம்தான் என்பது அந்த ரசீதில், அந்தச் சின்னக் கட்டத்தில் மட்டும் இருக்கிறது.

அறிவிப்புப் பலகை

மே மாத வாசகர் வட்டக் கூட்டத்தில், ஏழு பேர் வந்திருந்தோம், நான் ஒரு விஷயம் கேட்டேன். அப்பாவின் 1991 ரசீதையும் என்னுடைய இந்த வருட ரசீதையும் நகல் எடுத்து வந்திருக்கிறேன், கதவு எண்ணை மறைத்துவிட்டேன், இரண்டையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா? மேடம் கொஞ்சம் யோசித்தார். "இதுல தப்பு ஒண்ணும் இல்லையே சார், வரி ரசீதுதானே" என்றார். நூலக வரி என்கிற கட்டத்தை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, வேலைவாய்ப்புச் செய்திகளுக்குப் பக்கத்தில் குண்டூசி குத்தி வைத்தோம். கீழே நான் எதுவும் எழுதவில்லை.

முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் காலை, தினமும் வருகிற ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஐயா அதன் முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பேப்பர் படிப்பது மாதிரியே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "தம்பி, இது எல்லாருக்குமா பிடிக்கிறாங்க?" ஆமாம் ஐயா, வீட்டு வரி கட்டுகிற எல்லாருக்கும் என்றேன். "அப்ப நானும் கட்டியிருக்கேன்." கட்டியிருக்கிறீர்கள் ஐயா. "நாப்பது வருஷமா கட்டியிருக்கேன்." சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார், அன்றைக்குப் பேப்பரை யாரிடமும் நகர்த்தவில்லை, படித்த மாதிரியும் தெரியவில்லை.

மறுநாள் அவரே தன் ரசீதைக் கொண்டு வந்தார், அதோடு ஒரு வெள்ளைத் தாளும். கழிவறைக் கதவுக்கு எழுத வேண்டும், யாருக்கு எழுதுவது என்று மேடத்தைக் கேட்டார். மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள், ஒரு நகல் மாநகராட்சி ஆணையருக்கு என்று நான் சொன்னேன். முத்து முத்தான கையெழுத்தில், 'ஐயா, நாங்கள் நூலக வரி செலுத்துபவர்கள்' என்று ஆரம்பித்தார். முதல் வரியை எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், சரியா என்று கேட்பது போல. முதலில் கதவு, அப்புறம் மேற்கூரை, அப்புறம் இருபது நாற்காலி, நான்காவதாக நிலுவைத் தொகை பற்றி, என் மனுவுக்கு வந்த பதிலின் எண்ணைக் குறிப்பிட்டு. கையெழுத்துக்காகத் தாளை மேஜை மேஜையாக அனுப்பினோம். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் அந்தப் பெண் இருந்தாள். தாளை முழுக்கப் படித்தாள். பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்: "எங்களது வாடகை வீடு சார். வரி எங்க பேர்ல இல்ல. நான் போடலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் போஸ்ட் மாஸ்டர் ஐயா தன் பேனாவை மூடி கழற்றி அவளிடம் நீட்டினார்.

மொத்தம் முப்பத்தொரு கையெழுத்து. கடிதம் பதிவுத் தபாலில் போய் மூன்று வாரம் ஆகிறது. ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது, அதை ஐயா தன் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். கதவு இன்னும் சுவரில் சாய்ந்துதான் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை, அன்றைக்கு ஆறு பேர் சேர்ந்து மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறோம்.